ஆங்கிலப் பட்டத்தோடு இலங்கையின் கிழக்கில் வேலை தேடுகிறவர்களுக்கு

"இங்கிலீஷ் படிச்ச புள்ளைக்கு வேலையா கிடைக்காது?" இந்தக் கேள்வியை வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களும் கேட்டிருப்பார்கள். ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தவர்களும் கேட்டிருப்பார்கள். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் பஸ்ஸிலும் இதே கேள்விதான். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் பட்டமளிப்புப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் வீட்டில் இருக்கிறவருக்கு அது தாங்க முடியாத கேள்வி. நானும் அப்படி இருந்தவள். அந்த நாட்களின் வெட்கத்தையும் கோபத்தையும் விட, எதை எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாததுதான் என்னை அதிகம் வருத்தியது. அதனால் என் கதையைச் சுருக்கி, விஷயத்தை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது படித்த பாட அலகுகளும் பெறுபேறுகளும் உள்ள பட்டியல். பட்டச் சான்றிதழைத்தான் நாம் சட்டம் போட்டு வைக்கிறோம், ஆனால் விண்ணப்பத்தைப் பார்க்கிறவர் புரட்டுவது பாட அலகுப் பட்டியலை. ஆசிரியர் நியமனத்தில் ஆங்கிலப் பாடத்துக்கு விண்ணப்பித்தால், பட்டத்தில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்ததா, எத்தனை அலகு, எந்தப் பெயரில் என்று பார்ப்பார்கள். கலைப்பீடத்தில் எல்லோரும் கட்டாயமாகப் படிக்கிற ஆங்கில மொழி அலகுகளை வைத்து "நானும் ஆங்கிலம் படித்தவன்" என்று போனால் பெரும்பாலும் எடுபடாது. மூன்று வருடப் பொதுப் பட்டம், கல்வித் தகைமைகளை மட்டம் மட்டமாகப் பிரிக்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 5ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பல்கலைக்கழக விரிவுரையாளர் பக்கம் போகும் ஆசை இருந்தால் இந்த ஒரு மட்ட வித்தியாசம் பிறகு வருடக்கணக்கில் நேரத்தைத் தின்னும். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் சிறப்புக் கற்கைக்குப் போவதா இல்லையா என்பதை, "ஒரு வருஷம் கூடப் படிக்கணுமே" என்ற அலுப்பில் மட்டும் முடிவெடுக்க வேண்டாம். அதோடு பட்டம் எந்தத் திகதியிலிருந்து செல்லுபடியாகிறது என்பதைப் பாருங்கள். பட்டமளிப்பு நடந்த நாளும் அந்தத் திகதியும் ஒன்றல்ல. வர்த்தமானியில் வரும் அரச வேலை அறிவித்தல் கேட்பது விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் தகைமை பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பதைத்தான். பட்டமளிப்பு நடக்கவில்லையே என்று எண்ணி, செல்லுபடியாகும் திகதி ஏற்கெனவே வந்திருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். பரீட்சைப் பிரிவில் பெறுபேற்றுக் கடிதம் ஒன்றை எடுத்து வைத்திருந்தால் அந்த வாய்ப்புத் தப்பியிருக்காது.

அடுத்தது பெயர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது தனித் தலைவலி. பிறப்புச் சான்றிதழில் பெயர் தமிழில் இருக்கும். சாதாரண தர விண்ணப்பத்தைப் பாடசாலையில் நிரப்பிய ஆசிரியர் "தர்ஷினி"க்கு "டி எச்" என்று தொடங்குவார். அடையாள அட்டையில் அது வெறும் "டி" ஆகிவிடும். பல்கலைக்கழகப் பதிவில் தகப்பன் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கும், கடவுச்சீட்டில் அதுவே முழுதாக விரியும். உள்ளூரில் யாரும் கேட்க மாட்டார்கள். நேர்முகத் தேர்வு மேசையிலோ வெளிநாட்டு விண்ணப்பத்திலோதான் "இவர் யார், அவர் யார்" என்று கேட்பார்கள். எல்லாச் சான்றிதழ்களையும் ஒரு நாள் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சிறிய வேறுபாடென்றால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்தால் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். அடையாள அட்டை திருத்தக்கூடியதாக இருந்தால் அதைத் திருத்துவதே நல்லது, ஆனால் மாதக்கணக்கில் இழுபடும். அதனால் வேலை தேடத் தொடங்கிய பிறகு இதைத் தொடங்காதீர்கள்.

ஆசிரியர் சேவைதான் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் முதல் நினைப்பு. இங்கே இரண்டு வாசல் இருக்கிறது. மாகாணப் பாடசாலைகளுக்கு ஆள் எடுப்பது திருகோணமலையிலுள்ள மாகாண நிர்வாகம். தேசிய பாடசாலைகளுக்கு எடுப்பது பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள கல்வி அமைச்சு. இரண்டின் அறிவித்தலும் ஒரே நேரத்தில் வராது, ஒரே இடத்திலும் வராது. வெள்ளிக்கிழமை வர்த்தமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மாகாண அறிவித்தல் கண்ணில் படாமல் போகலாம், மாகாண இணையத்தளத்தையும் பார்க்க வேண்டும். போட்டிப் பரீட்சை வைத்தால் பெரும்பாலும் நுண்ணறிவும் பொது அறிவும்தான், ஆங்கில இலக்கியம் அதில் வராது. எங்கள் ஆட்கள் விழுவது இங்கேதான். நாவலும் கவிதையும் படித்த கைக்கு எண் தொடரும் வடிவத் தொடரும் பழக்கமில்லை. பழைய வினாத்தாள்களை மணிக்கூடு வைத்துச் செய்து பழகினால் இது தேறக்கூடிய பரீட்சை. அதற்குப் பிறகு நேர்முகத் தேர்வும் சில நிமிட மாதிரிப் பாடமும் இருக்கும். அந்தச் சில நிமிடத்தில் இலக்கணம் முழுவதையும் விளக்கப் பார்க்காமல் ஒரே ஒரு சிறு நோக்கத்தை எடுங்கள். உதாரணமாக, கடையில் விலை கேட்கும் இரண்டு வசனம். பலகையில் எழுதி, சொல்ல வைத்து, ஒருவரை ஒருவர் கேட்க வைத்து முடித்தால் போதும். விரிவுரை நடத்தினால் புள்ளி போய்விடும்.

நியமனம் வந்ததும் ஊருக்குப் பக்கத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு, மேற்கே படுவான்கரையில் நியமனம் வருவது வழமை. வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை, வவுணதீவுப் பக்கத்து உள்ளூர்ப் பாடசாலைகளுக்கு முதல் பஸ்ஸை விட்டால் அடுத்தது நேரத்துக்கு வராது, ஒரு மோட்டார் சைக்கிள் இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். முதல் சம்பளத்தில் பெட்ரோலும் தவணைப் பணமும் எவ்வளவு தின்னும் என்று முன்பே கணக்குப் பார்த்து வையுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பாடசாலைகளில் வருடக்கணக்காக ஆங்கில ஆசிரியரே இல்லாமல் இருந்த பிள்ளைகள் காட்டுகிற பாசம் வேறெங்கும் கிடைக்காது. சேவையில் சேர்ந்த பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தள்ளிப்போடாதீர்கள். அது இல்லாமல் தரவுயர்வு தேங்கி நிற்கும். திறந்த பல்கலைக்கழகமும் மஹரகம தேசிய கல்வி நிறுவகமும் நடத்துகின்றன. சில கற்கைகளுக்குப் பணியிலுள்ள ஆசிரியர்களை மட்டுமே எடுப்பார்கள், விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நியமனத்துக்காகக் காத்திருக்கும் காலத்தில் பலர் போய்ச் சேருவது தனியார் பாடசாலைகளிலும் சர்வதேசப் பாடசாலைகளிலும்தான். நானும் ஒன்றில் படிப்பித்தேன். சம்பளம் குறைவு என்பது தெரிந்தே போனது. தெரியாமல் இருந்தது, அந்த வேலைக்கு எழுத்தில் எதுவுமே இல்லை என்பது. இந்தப் பாடசாலைகள் பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தில் பதிவானவை. அங்கே ஆசிரியர் ஒரு தனியார் ஊழியர், ஊழியருக்குரிய உரிமை எல்லாம் அவருக்கும் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்ட வேண்டும், நிறுவனம் 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம் நிறுவனமே கட்ட வேண்டும். "பயிற்சிக் காலம், அதனால இல்ல" என்று சொன்னால் ஏமாற வேண்டாம், முதல் மாதத்திலிருந்தே கட்ட வேண்டும். நியமனக் கடிதம், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், மாதச் சம்பளச் சீட்டு மூன்றையும் கேளுங்கள். மூலச் சான்றிதழ்களை ஒருபோதும் "பாதுகாப்புக்கு" என்று கொடுத்து வைக்காதீர்கள், உறுதிப்படுத்திய பிரதி போதும். வருட நடுவில் அரச நேர்முகத் தேர்வு வந்தபோது மூலச் சான்றிதழைத் திருப்பி வாங்க அழுது நின்ற ஒரு சக ஆசிரியையை இப்போதும் நினைத்தால் மனம் கொதிக்கிறது.

ரியூசன் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்: எதைப் படிப்பிப்பது என்பதைத் தெரிவு செய்யுங்கள். சாதாரண தர ஆங்கிலத்துக்கு ஊருக்கு ஊர் ஆள் உண்டு, விலையும் விழுந்து கிடக்கிறது. சாதாரண தர ஆங்கில இலக்கியத்துக்கு ஆள் குறைவு, பட்டத்தில் படித்தது நேராகப் பயன்படுவதும் அங்கேதான். வெளிநாடு போகிறவர்கள் எழுதுகிற ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை வகுப்புக்கு நல்ல கேள்வி இருக்கிறது, ஏனென்றால் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், வெளிநாடு போக நினைப்பவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் கட்டணம் போடும்போது திருத்தும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். எழுத்துத் தாளில் இரண்டு பணி: ஒன்று குறைந்தது 150 சொல், மற்றது 250 சொல். பன்னிரண்டு பேர் இருக்கிற வகுப்பில் ஆளுக்கு இரண்டு எழுத்தும் தந்தால், ஒன்றைத் திருத்தப் பத்து நிமிடம் போட்டாலும் நான்கு மணித்தியாலம். அந்த நான்கு மணித்தியாலத்துக்குச் சம்பளம் இல்லையென்றால், உங்கள் வகுப்பின் உண்மையான மணித்தியாலக் கூலி வெகுவாகக் குறைந்துவிடும். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம், அதை ஆளாளாகத்தான் பழக்க முடியும். அதனால் திருத்தலையும் தனிப் பேச்சுப் பயிற்சியையும் வேறு கட்டணமாக முதல் நாளே சொல்லிவிடுங்கள். நீங்களே அந்தப் பரீட்சையை ஒரு முறை எழுதி நல்ல புள்ளி எடுத்து வைத்திருந்தால் பெற்றோர் அதிகம் பேரம் பேச மாட்டார்கள்.

எங்கள் பகுதியில் அதிகம் பேர் யோசிக்காத, ஆனால் நின்று நிலைக்கிற வேலை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு. பல வீடுகளில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற பகுதி இது. பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ், காணி உறுதி, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எல்லாம் ஆங்கிலத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதற்குப் பட்டம் மட்டும் போதாது, நீதி அமைச்சின் நடைமுறையில் தகுதி பெற்று, நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பதிவாக வேண்டும். அதற்கு முன் முத்திரை அடித்துக்கொண்டு "மொழிபெயர்ப்பாளர்" என்று கையொப்பமிட்டால், வாடிக்கையாளரின் வீசா நிராகரிக்கப்படலாம், உங்கள் மேல் வழக்கும் வரலாம். தகுதி கிடைக்கும்வரை பதிவுள்ள ஒருவரிடம் உதவியாளராக இருந்து வரைவு எழுதிக் கொடுத்தால் வேலையும் பழகும், காசும் வரும்.

ஒரு பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் விவரம் எழுதும் கூடுகளின் (கட்டங்களின்) இலக்கங்களை அதே ஒழுங்கில் இட வேண்டும். கூட்டில் கோடு மட்டும் இழுத்திருந்தால் நீங்களும் கோடே இட வேண்டும், "இல்லை" என்று எழுதக் கூடாது. முத்திரையில் என்ன இருக்கிறது, கையொப்பம் வாசிக்க முடியவில்லை, ஓரத்தில் பின்னர் எழுதிய திருத்தம், பின்பக்கக் குறிப்பு எல்லாம் மொழிபெயர்ப்பில் இடம்பெற வேண்டும். பெயர்களின் ஆங்கில எழுத்துக்கு உங்கள் விருப்பம் செல்லாது, கடவுச்சீட்டுப் பிரதியை வாங்கி அதன்படி எழுதுங்கள். தகப்பன் தாயின் பெயருக்கும் அப்படியே. காணி உறுதியென்றால் நான்கு எல்லையையும் பரப்பையும் இரண்டு முறை ஒப்பிடுங்கள். ஒரு ஏக்கருக்கு 4 றூட், அதாவது 160 பேர்ச்சஸ். ஒரு பூச்சியம் தவறினால் காணியே மாறிவிடும். மூலத்தில் கணக்குப் பிழை தெரிந்தாலும் திருத்தாதீர்கள், உள்ளபடி எழுதிவிட்டு வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் திகதி, ஆவணம், பெயர் என்று ஒரு கொப்பியில் பதிந்து, பிரதி ஒன்றை வைத்திருங்கள். தூதரகம் சரிபார்க்கக் கேட்டால் அதுதான் கைகொடுக்கும்.

சிங்களம். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். அரச சேவையில் சேர்ந்தால் மற்ற அரசகரும மொழியில் குறிப்பிட்ட மட்டத் தேர்ச்சியைக் காட்டத்தான் வேண்டும். பிந்தினால் சம்பள ஏற்றம் தடைப்படும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மாவட்டச் செயலகம் இருக்கிற அம்பாறை நகரத்தில் வேலை சிங்களத்தில் ஓடுகிறது, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் மக்கள் தமிழ் பேசுகிறவர்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்று மொழியும் எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். ஆங்கிலமும் தமிழும் மட்டும் தெரிந்த பட்டதாரி நூற்றுக்கணக்கில் ஒருவர், சிங்களமும் எழுதத் தெரிந்தால் தேடி வருகிற ஆள். காத்திருக்கும் காலத்தில் வாரத்துக்கு இரண்டு மாலை சிங்கள எழுத்து பழகுங்கள். பேச்சு பிறகு தானாக வரும். எழுத்தைத்தான் இருந்து படிக்க வேண்டும்.

வெளிநாட்டு ஆசிரியர் வேலை. மாலைதீவிலும் வளைகுடா நாடுகளிலும் ஆங்கில ஆசிரியர்களுக்கு உண்மையாகவே இடம் இருக்கிறது, போய் நன்றாக இருப்பவர்களும் உண்டு. ஆனால் அந்த ஆசையை வைத்துப் பிழைக்கிறவர்களும் உண்டு. "கோப்புத் திறக்க", "மருத்துவத்துக்கு", "சான்றிதழ் அத்தாட்சிக்கு" என்று தவணை தவணையாகக் கொடுத்த பணத்துக்காக எங்கள் வீட்டில் அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. வேலை வரவில்லை, பணத்தில் பெரும்பகுதி திரும்பவுமில்லை. அந்தக் காப்பை மீட்கும்வரை அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பணியகத்தின் இணையத்தளத்தில் பாருங்கள், அல்லது பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து உரிம இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். உரிமம் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சுற்றுலா வீசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், அந்தச் சீட்டில் நிறுவனத்தின் பெயரும் எதற்கான பணம் என்பதும் இருக்க வேண்டும். அது இல்லாமல் முறைப்பாடு செய்யப் போனால் காட்ட ஒன்றும் இருக்காது. சான்றிதழ் அத்தாட்சியை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் நீங்களே செய்துகொள்ளலாம், இதற்கு இடையில் ஆள் தேவையில்லை.

இணையத்தில் எழுதிச் சம்பாதிக்கலாம் என்பது உண்மை, ஆனால் சில வருடத்துக்கு முன் இருந்த மாதிரி இல்லை. இணைய வேலைகளைப் பிடித்துத் தரும் ஃபைவர் தளம் உங்கள் கூலியில் 20 வீதத்தை எடுத்துக்கொள்ளும். பேபாலில் பணம் பெறும் வசதி நீண்ட காலமாக இங்கே இல்லாததால் பெரும்பாலானோர் பேயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாக வங்கிக்கு எடுக்கிறார்கள், அதிலும் ஒரு கழிவு போகும். 2022 முடிவில் சாட்ஜிபிடி வந்த பிறகு பொதுவான கட்டுரை எழுதும் வேலைக்கு விலை விழுந்துவிட்டது. இப்போதும் கேட்கிறவர்கள் இருக்கிற இடம், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து தேவைப்படுகிற வேலை: ஒலிப்பதிவைத் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுதல், ஆய்வுக்கான நேர்காணல்களை மொழிபெயர்த்தல், இயந்திரம் மொழிபெயர்த்த தமிழைச் செம்மைப்படுத்துதல். எங்கள் பேச்சுத் தமிழை இயந்திரம் இன்னும் ஒழுங்காகப் பிடிப்பதில்லை, பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தொண்டு நிறுவனங்களும் அதற்கு ஆள் தேடுகிறார்கள். ஒரு மணித்தியால ஒலிப்பதிவை எழுத நான்கைந்து மணித்தியாலம் போகும். அதனால் பக்கக் கணக்கில் இல்லாமல் ஒலி நிமிடக் கணக்கில் விலை பேசுங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகும் 2009இல் போர் முடிந்த பிறகும் இங்கே நிறைந்திருந்த தொண்டு நிறுவனங்களில் பல போய்விட்டன. இருக்கிறவற்றில் வேலை திட்டம் முடியும்வரைதான். அங்கே போவதென்றால் கணினி விரிதாளும் திட்ட முன்மொழிவு எழுதுவதும் தெரிந்திருக்க வேண்டும், வெறும் ஆங்கிலத்துக்கு அங்கே இடமில்லை. அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் வரவேற்பு மேசை வேலைக்கு ஆங்கிலம் நல்லாய்ப் பேசுகிறவர்களை எடுப்பார்கள். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கேட்காமல் சேவைக் கட்டணப் பங்கு எவ்வளவு, வாடை மழைக் காலத்தில் அது எவ்வளவாகக் குறையும் என்றும் கேளுங்கள்.

கடைசியாக, கல்வித்துறையில் மேலே போக நினைப்பவர்களுக்கு. சம்மாந்துறை, மட்டக்களப்பு உயர் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் பல்கலைக்கழக ஆங்கில மொழி போதனைப் பிரிவுகளிலும் வருகைதரு விரிவுரையாளர்களை மணித்தியாலக் கணக்கில் எடுப்பதுண்டு. அறிவித்தல் வரும்வரை காத்திராமல், ட்ரான்ஸ்கிரிப்ட் பிரதியோடு துறைத் தலைவரை நேரில் பார்த்துப் பெயர் கொடுத்து வையுங்கள். கொடுப்பனவு பல மாதம் பிந்தி வரும், அதை நம்பி மோட்டார் சைக்கிள் தவணை எடுக்காதீர்கள். ஒவ்வொரு விரிவுரைக்கும் வரவுப் பதிவில் கையொப்பமிட்டு, மாத முடிவில் கோரிக்கைப் படிவத்தின் பிரதியை நீங்களும் வைத்திருங்கள். படிவம் ஒன்று தொலைந்தால் அந்தப் பிரதியைக் காட்டித்தான் பணத்தை எடுக்க முடியும். முதுமாணிக்குப் பதியும்போது அது தகைமைச் சட்டகத்தில் 9ஆம் மட்டமா, ஆய்வோடு சேர்ந்த 10ஆம் மட்டமா என்று கேளுங்கள். விரிவுரையாளர் பதவிக்குப் பெரும்பாலும் ஆய்வுள்ளதைத்தான் பார்ப்பார்கள். வார இறுதி வகுப்பு கொழும்பிலோ பேராதனையிலோ என்றால், கல்விக் கட்டணத்தோடு இரவு பஸ்ஸையும் தங்குமிடத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பதியுங்கள்.